ரேடாரை ஏமாற்றும் துணி... ஆரம்பப் புள்ளி ஒரு சணல் கட்டா? ஜகதீஷ் சந்திர போஸின் அதிகம் பேசப்படாத கதை!

2024 நவம்பரில் ஐஐடி கான்பூர் ஒரு கண்டுபிடிப்பை அறிமுகம் செய்தது. பெயர், 'அனாலக்ஷ்யா'. துணியை அடிப்படையாகக் கொண்ட ஒரு போர்வை என்று வைத்துக்கொள்ளலாம். ராணுவ வாகனத்தின் மீது போர்த்தினால், அதைத் தேடி வரும் ரேடார் அலைகளில் பெரும்பகுதியை இந்தத் துணியே விழுங்கிவிடும். எதிரொலி திரும்பிப் போகாது. எதிரொலி இல்லையென்றால் ரேடார் திரையில் வாகனமும் இல்லை.

இந்தத் துணியின் சூட்சுமத்துக்குப் பெயர் 'மெட்டாமெட்டீரியல்'. ஏதோ புது ரசாயனம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொருளுக்குள் சின்னச் சின்ன வடிவங்களைக் குறிப்பிட்ட முறையில் அடுக்கி, அதன் வழியாகப் போகும் அலையை நாம் நினைத்தபடி திருப்புவது, முறுக்குவது, விழுங்க வைப்பது. ஸ்டெல்த் தொழில்நுட்பம் முதல் 'மறையும் போர்வை' வரை இன்றைய பல ஆய்வுகளுக்கு இதுதான் அடித்தளம்.

இந்தத் துறையின் வரலாற்றை எழுதும் விஞ்ஞானிகளில் பலர், 1898-ம் ஆண்டு கட்டுரை ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கட்டுரையில் வரும் 'ஹைடெக்' பொருள் என்ன தெரியுமா? சணல். சாக்கு தைக்கிற அதே சணல். அதைக் கையில் எடுத்து முறுக்கியவர், கல்கத்தாவில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜகதீஷ் சந்திர போஸ்.

எந்த போஸ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இவர் நேதாஜி இல்லை. 'போஸான்' துகளுக்குப் பெயர் தந்த சத்யேந்திரநாத் போஸும் இல்லை. அவர் இவரிடம் படித்த மாணவர்.

நம்மில் பலருக்கு ஜகதீஷ் சந்திர போஸ் என்றால், செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னவர் என்ற பள்ளிப் பாடம்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், மார்க்கோனிக்கு முன்பே வயர்லெஸ் செய்தவர் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறு வருடம் இருக்கிறது. 1894 முதல் 1900 வரை. அந்த ஆறு வருடத்தில் அவர் செய்த வேலைதான் இன்று ரேடார் துணி வரை வந்து நிற்கிறது.

டாக்டர் ஆக வேண்டியவர்

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ், ஆங்கில அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் கால வழக்கப்படி அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தாய்மொழியும் ஊர் மக்களும் தெரிந்த பிறகுதான் இங்கிலீஷ் என்பது அவர் கொள்கை. பையனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் மீனவரின் மகன். இன்னொருவர், அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் பணியாளரின் மகன்.

அதன் பிறகு கல்கத்தா. ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி. அங்கே பாதிரியார் லாஃபோன் வகுப்பில் செய்து காட்டிய சோதனைகள்தான் இயற்பியல் மீது ஆசையை வளர்த்தன. ஆனாலும் 1880-ல் லண்டன் போனது மருத்துவம் படிக்க. அங்கே தொடர்ந்து காய்ச்சல். பிணவறை வாசனை உடம்பை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் சேர்ந்தார்.

அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் லார்டு ரேலி. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் தந்த அதே ரேலி. இந்த ஆசிரியர் பின்னாளில் போஸின் வாழ்க்கையில் ரொம்ப முக்கியமான ஒரு கதவைத் திறந்துவிடப் போகிறார்.

மூன்று வருடம் சம்பளம் வாங்காத வாத்தியார்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. துல்லியமான அறிவியலைக் கற்பிக்க இந்தியர்கள் லாயக்கில்லை என்பது அன்றைய கல்வித் துறை அதிகாரிகளின் எண்ணம். மேலிடத்துச் சிபாரிசு இருந்ததால் வேண்டா வெறுப்பாக எடுத்தார்கள்.

சம்பளத்தில்தான் வேலையைக் காட்டினார்கள். ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் நியமனம் தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதி. அதாவது, பக்கத்து அறையில் பாடம் நடத்தும் வெள்ளைக்காரர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. தினமும் வந்து பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, மூன்று வருடம்.

அந்த நேரத்தில் வீட்டு நிலைமையும் சரியில்லை. ஊர் மக்களுக்கு வேலை தரலாம் என்று அப்பா ஆரம்பித்த தொழில்கள் நஷ்டமாகி, குடும்பம் கடனில் இருந்தது. இதற்கு நடுவே, 1887-ல் அபலா தாஸை மணந்தார் போஸ். அபலாவுக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. அவருக்கு டாக்டராக ஆசை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1882-ல் வங்காள அரசின் உதவித்தொகையோடு மெட்ராஸ் வந்து படித்தார். உடல்நலம் ஒத்துழைக்காததால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார். பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்காகப் பல பள்ளிகளைத் தொடங்கியவர் இதே அபலாதான்.

கடைசியில் இறங்கி வந்தது கல்லூரிதான். போஸின் வேலையை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

பாத்ரூம் பக்கத்தில் ஒரு லேப்

1894-ல் போஸுக்கு 36 வயது. பாடம் நடத்துவது மட்டும் போதாது, இனி ஆராய்ச்சி என்று தன் பிறந்தநாளில் முடிவெடுத்தார். ஆனால், எங்கே செய்வது? கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று ஆய்வகம் கிடையாது. கிடைத்தது, குளியலறையை ஒட்டிய ஒரு குட்டி இடம். உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். கருவிகள் அத்தனையும் இவர்கள் கையால் செய்தவை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வகுப்புகள் எடுத்து முடித்த பிறகுதான் இந்த வேலை. செலவு பெரும்பாலும் சொந்தப் பணத்தில்.

என்ன ஆராய்ச்சி? அந்தக் காலத்தின் ஹாட் டாபிக், மின்காந்த அலை. ஒளியும் ஒரு மின்காந்த அலைதான், கண்ணுக்குத் தெரியாத பெரிய அலைகளும் இருக்க வேண்டும் என்று மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். 1888-ல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் அதைச் செய்து காட்டிவிட்டார். 1894-ல் ஹெர்ட்ஸ் 36 வயதில் இறந்தார். அவரது வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் லண்டனில் ஆற்றிய உரை அச்சாகி வந்தது. அதைப் படித்துத்தான் போஸ் களத்தில் இறங்கினார்.

அலையைச் சின்னதாக்கினால் என்ன லாபம்?

ஹெர்ட்ஸின் அலைகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அவை ரொம்பப் பெரியவை. அவர் கடைசியாகப் பயன்படுத்தியதே சுமார் 66 சென்டிமீட்டர் நீளம். பெரிய அலையை வளைக்கப் பெரிய பொருள் வேண்டும். ஒளி முப்பட்டகத்தில் வளைவதுபோல இந்த அலையும் வளையுமா என்று பார்க்க, ஹெர்ட்ஸ் கீலில் ஒரு முப்பட்டகம் வார்த்தார். ஒன்றரை மீட்டர் உயரம், ஏறத்தாழ 600 கிலோ!

போஸ் இதைத் தலைகீழாக யோசித்தார். பொருளைப் பெரிதாக்குவதற்குப் பதில், அலையைச் சின்னதாக்கிவிட்டால்? சின்ன உலோக உருண்டைகளுக்கு நடுவே தீப்பொறி உண்டாக்கி, 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை உருவாக்கினார். இன்றைய கணக்கில் 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ். இப்போது 5ஜி-யில் பேசப்படும் 'மில்லிமீட்டர் அலை' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பலன்? ஹெர்ட்ஸுக்கு ஓர் அறையே தேவைப்பட்ட சோதனைகள், போஸுக்கு ஒரு மேஜையில் முடிந்தன. அலையை அனுப்பும் கருவி, அதற்குக் கொம்பு வடிவ வாய், லென்ஸ், முப்பட்டகம், மறுமுனையில் வாங்கும் கருவி. எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடங்கும்.

இந்தக் காலகட்டத்தில்தான் கல்கத்தா டவுன் ஹாலில் அந்தப் புகழ்பெற்ற செயல் விளக்கமும் நடந்தது. போஸ் அனுப்பிய அலை, சுவர்களைத் தாண்டி, மேடையில் இருந்த லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டிப் போய், தூரத்து அறையில் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. கூட்டத்துக்கு அது மேஜிக். போஸுக்கு அது அன்றைய வேலையில் ஒரு பகுதி மட்டுமே. அவரது ஆர்வம் அலையைத் தூரமாக அனுப்புவதில் இல்லை, ஒரு பொருளின் மீது பட்டதும் அலைக்கு என்ன ஆகிறது என்பதில்தான் இருந்தது.

ரயில்வே கைடும் மை ஒற்றுத் தாளும்

இங்கே ஒரு சின்ன விளக்கம். கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை மேலும் கீழும் ஆட்டினால் அலை போகும். பக்கவாட்டில் ஆட்டினாலும் போகும். இப்போது அந்தக் கயிறு ஜன்னலின் செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே போகிறது என்று வையுங்கள். மேலும் கீழும் ஆடும் அலை தப்பிக்கும். பக்கவாட்டு அலை கம்பியில் இடித்து நின்றுவிடும். அலை எந்தத் திசையில் ஆடுகிறது என்பதை இப்படி ஒரே தளத்துக்குக் கட்டுப்படுத்துவதுதான் 'தளவிளைவு'. நம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் ஒளிக்கு வரும் அதே பாடம்.

மின்காந்த அலைக்கு இந்த 'ஜன்னல் கம்பி' வேலையைச் செய்ய போஸ் எதைப் பயன்படுத்தினார் என்பதுதான் சுவாரஸ்யம். பிராட்ஷா என்ற ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, அதன் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தகடு போன்ற மெல்லிய உலோகத் தாள்களைச் செருகினார். காகிதம், உலோகம், காகிதம், உலோகம் என்று அடுக்கு. அலை அதன் வழியே போனபோது ஒரு தளத்தில் ஆடுவது மட்டும் வெளியே வந்தது. மனிதத் தலைமுடிக் கற்றையும், சீராக அடுக்கிய சணல் நாரும் இதே மாதிரி நடந்துகொள்வதைக் காட்டினார்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. கருவியின் குழாய்க்குள் அலை எதிரொலித்து அளவீட்டைக் குழப்பியது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், மின்சாரம் கடத்தும் கரைசலில் நனைத்த மை ஒற்றுத் தாளை உள்பக்கம் ஒட்டுவது. தேவையில்லாத அலையை அந்தத் தாள் உறிஞ்சிக்கொண்டது. எதிரொலியை விழுங்கும் ஒரு பூச்சு! ரேடார் என்ற சொல்லே பிறக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. இன்றைய ஸ்டெல்த் விமானத்தின் பூச்சு செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

லண்டன் மேடை

1895-ல் வங்காள ஆசியக் கழகத்தில் முதல் கட்டுரை. அதே ஆண்டு இன்னொரு கட்டுரையை லண்டனுக்கு, பழைய ஆசிரியர் ரேலிக்கு அனுப்பினார். ரேலி அதை ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்தார். அந்தக் கதவு திறந்தது இப்படித்தான். 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் தந்தது. 1897 ஜனவரி 29-ல், ஃபாரடே பேசிப் புகழ்பெற்ற ராயல் இன்ஸ்டிட்யூஷனின் வெள்ளிக்கிழமை மேடையில் போஸ் தன் பெட்டியைத் திறந்து சோதனைகளைச் செய்து காட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அறிவியல் கற்பிக்க லாயக்கில்லாத இனம் என்று ஒதுக்கப்பட்டவர், அறிவியலின் தலைநகரில் பாடம் நடத்தினார்.

சரி, அந்தச் சணல்?

1898-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்த கட்டுரைதான் நம் கதையின் மையம்.

ஒரு கேள்வி அப்போது விஞ்ஞானிகளை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. சர்க்கரைக் கரைசல் வழியாக, ஒரே தளத்தில் ஆடும் ஒளியை அனுப்பினால், வெளியே வரும்போது அந்தத் தளம் கொஞ்சம் திரும்பியிருக்கும். நம்மூர்ச் சர்க்கரை ஆலை ஆய்வகங்களில் கரும்புச் சாற்றின் தரத்தை இன்றும் இந்த முறையில்தான் அளக்கிறார்கள். சர்க்கரை ஏன் ஒளியைத் திருப்புகிறது? அதன் மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கை போல ஒரு சுழற்சி இருக்கிறது, அதனால்தான் என்பது விளக்கம். ஆனால், மூலக்கூறை எடுத்துப் பார்க்க முடியாதே?

போஸின் ஐடியா இங்கேதான் வருகிறது. மூலக்கூறைப் பார்க்க முடியாவிட்டால், அதையே பெரிதாகச் செய்துவிடலாம். ஒளி அலையைவிடத் தன் அலை குறைந்தது பத்தாயிரம் மடங்கு பெரியது. அப்படியென்றால் 'மூலக்கூறும்' அதே கணக்கில் பெரிதாக இருந்தால் போதும். விரல்களால் செய்யும் அளவுக்கு!

அதற்குச் சணலைத் தேர்ந்தெடுத்தார். ஹூக்ளி ஆற்றங்கரை முழுக்கச் சணல் ஆலைகள் இருந்த ஊரில் அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் பொருள் ஏது? நார்களைக் கட்டாக எடுத்து முறுக்கினார். முறுக்கிய கட்டு வழியே அலையை அனுப்பினார். அலையின் தளம் திரும்பியது.

அடுத்து, குட்டிக் குட்டித் துண்டுகளாக இரண்டு வகை செய்தார். ஒரு வகை வலப்பக்கம் முறுக்கியது, இன்னொன்று இடப்பக்கம் முறுக்கியது. இவைதான் அவருடைய செயற்கை 'மூலக்கூறுகள்'. வலது முறுக்கை அலையின் பாதையில் வைத்தால் தளம் ஒரு பக்கம் திரும்பியது. அதே எண்ணிக்கையில் இடது முறுக்கை வைத்தால் எதிர்ப்பக்கம் திரும்பியது. இரண்டையும் சம எண்ணிக்கையில் கலந்தால்? திரும்பவே இல்லை. சர்க்கரைக் கரைசல் எப்படி நடந்துகொள்ளுமோ, சணல் அச்சு அசலாக அப்படியே நடந்தது.

இதில் என்ன பெரிய விஷயம்?

சணலில் சர்க்கரை இல்லை. ஆனாலும் சர்க்கரையைப் போல அலையைத் திருப்பியது. அப்படியென்றால் அலைக்கு முக்கியம், பொருள் எதனால் ஆனது என்பது மட்டும் இல்லை, அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும்தான்.

சமையலறை உதாரணம் சொல்வதென்றால், மாவு ஒன்றுதான். பிழிந்தால் இடியாப்பம், பிடித்தால் கொழுக்கட்டை, உதிர்த்து அவித்தால் புட்டு. நாக்குக்கு மூன்றும் மூன்று சாப்பாடு. அலைக்கும் அப்படித்தான். அதே சணல், நேராக இருந்தால் ஒரு விளைவு, முறுக்கினால் வேறு விளைவு.

மெட்டாமெட்டீரியல் மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். இயற்கை தராத குணத்தை வடிவத்தால் வரவைப்பது. அலையின் நீளத்தைவிடச் சின்னதாக உலோக வளையங்களையோ கோடுகளையோ வரிசையாக அடுக்கினால், வரும் அலை அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காது. எல்லாம் சேர்ந்த ஒரு புதுப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். அந்தப் புதுப் பொருள் அலையை விழுங்க வேண்டுமா, விலக்க வேண்டுமா என்பதை வடிவத்தை வரைபவர் முடிவு செய்யலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போஸின் சணல் எதையும் மறைக்கவில்லை. மறையும் போர்வையை அவர் செய்யவும் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. 'அந்தக் காலத்திலேயே எல்லாம் கண்டுபிடித்துவிட்டோம்' வகை வாட்ஸ்அப் ஃபார்வர்டு இதற்குத் தேவையில்லை. வடிவத்தால் அலையை ஆள முடியும் என்பதைச் சோதனை மேஜையில் காட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். அதுவே போதுமான பெருமை.

பேடன்டை ஏன் விட்டார்?

வயர்லெஸ் கதையைச் சொல்லாமல் போஸைக் கடக்க முடியாது. 1899-ல், பாதரசமும் இரும்பும் டெலிபோன் ரிசீவரும் சேர்ந்த ஓர் அலை உணர்கருவியைப் பற்றி ராயல் சொசைட்டியில் எழுதினார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லான்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கியபோது பயன்படுத்திய கருவி, இதே வடிவமைப்பின் வழி வந்தது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 1909 நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது.

பணம் வரும் வாய்ப்பு போஸைத் தேடி வராமல் இல்லை. 1901-ல் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி லண்டனில் அவரது கதவைத் தட்டினார். கண்டுபிடிப்பை வெளியே சொல்லாமல் பேடன்ட் எடுப்போம், லாபத்தில் பங்கு என்றார். போஸ் மறுத்துவிட்டார். அறிவைப் பூட்டி வைத்து வாடகைக்கு விடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பண ஆசையைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறார்.

கடைசியில் சகோதரி நிவேதிதாவும், அமெரிக்கத் தோழி சாரா புல்லும் விடாப்பிடியாக வற்புறுத்தி, ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்க வைத்தார்கள். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தால் ஆன உணர்கருவி. 1904 மார்ச்சில் பேடன்ட் கிடைத்தது. செமிகண்டக்டர் கருவிக்கான உலகின் முதல் பேடன்ட் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். போஸ் அதைப் பயன்படுத்திப் பத்துப் பைசா சம்பாதிக்கவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

இதைத் தியாகம் என்று மட்டும் பார்ப்பது பாதிக் கதை. கம்பெனி வந்திருந்தால் ஒரு தொழிற்கூடம் வந்திருக்கலாம், பயிற்சி பெற்ற ஆட்கள் வந்திருக்கலாம். கல்கத்தாவின் மில்லிமீட்டர் அலை ஆய்வு ஒரு தனி மனிதரின் மேஜையைத் தாண்டி வளர்ந்திருக்கலாம். அது நடக்கவில்லை.

நடுவழியில் திரும்பியது ஏன்?

1900-க்குள் போஸின் கவனமே வேறு பக்கம் போய்விட்டது. காரணம், அவருடைய அலை உணர்கருவிதான். தொடர்ந்து வேலை வாங்கினால் அதன் உணர்திறன் குறைந்தது. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி சரியானது. தசை களைப்படைவதைப் போலவே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. உலோகம், செடி, விலங்குத் தசை மூன்றின் எதிர்வினைகளையும் வரைபடமாக்கி ஒப்பிட்டார். 1900-ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் இதைப் பேசினார். 1902-ல் புத்தகமாகவே எழுதினார்.

இங்கே பழைய வரவேற்பு கிடைக்கவில்லை. 1901-ல் ராயல் சொசைட்டியில் உடலியல் நிபுணர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இயற்பியல்காரர் நம் எல்லைக்குள் ஏன் வருகிறார் என்ற கோபமும் அதில் இருந்தது, உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் கோடே இல்லை என்கிற அளவுக்கு அவர் போகிறார் என்ற நியாயமான சந்தேகமும் இருந்தது. செடிகள் மின் சமிக்ஞைகளை அனுப்புகின்றன என்ற அவரது கருத்து பின்னாளில் வலுப்பெற்றது. உலோகத்துக்கும் உயிருக்கும் அவர் போட்ட பாலம் அப்படி நிற்கவில்லை.

தொட்டாச்சிணுங்கியும், வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியும் அவரை உலகப் புகழ் ஆக்கின. அலை வேலை அப்படியே நின்றது. அவர் விட்ட இடத்திலிருந்து சணல் சோதனையைத் தொடர, கல்கத்தாவில் ஒரு குழு உருவாகவில்லை.

அடுத்து எடுத்தவர்கள்

1914-ல் பின்லாந்தின் கார்ல் லிண்ட்மன் இதே பாதையில் வந்தார். சணலுக்குப் பதில் குட்டிச் செம்புக் கம்பிச் சுருள்கள், அவற்றைப் பஞ்சில் பொதிந்து அலையின் பாதையில் வைத்தார். அலை திரும்பியது. 1960-களில் சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசலாகோ, அலையைத் தலைகீழாக வளைக்கும் ஒரு பொருள் இருந்தால் என்ன ஆகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார். அப்படி ஒரு பொருள் அப்போது கையில் இல்லை. 1990-களின் கடைசியில் பிரிட்டனின் ஜான் பென்ட்ரி, உலோகக் கம்பிகளையும் வளையங்களையும் அடுக்கி அதைச் செய்யலாம் என்று வழி காட்டினார். 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, ஒரு செம்பு உருளையைச் சுற்றி மெட்டாமெட்டீரியல் வளையங்களை வைத்து, மைக்ரோவேவ் அலைக்கு அந்த உருளை கிட்டத்தட்ட இல்லாதது போலக் காட்டியது. அதன் பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

சணலுக்கும் செம்பு உருளைக்கும் நடுவே 108 வருடம்.

பிறந்தநாளில் ஒரு நிறுவனம்

1915-ல் பிரசிடென்சி கல்லூரியில் ஓய்வு பெற்றார் போஸ். 1917-ல் 'சர்' பட்டம். அதே ஆண்டு நவம்பர் 30, தன் 59-வது பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். இங்கே கண்டுபிடிக்கப்படும் எதற்கும் பேடன்ட் கிடையாது, எல்லாம் எல்லோருக்கும் என்பது அவர் வைத்த விதி. ஆராய்ச்சிக்கு இடமில்லாமல் குளியலறைப் பக்கம் ஒதுங்கியவர், அடுத்தவர்களுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்று கட்டிய கட்டடம் அது. 1920-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1937 நவம்பர் 23-ல், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிடியில் காலமானார்.

2012-ல், மின்-மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ, போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை 'மைல்கல்' என்று அறிவித்து, அவர் பாடம் நடத்திய பிரசிடென்சி வளாகத்தில் பலகை வைத்தது. அவர் கையால் செய்த கருவிகள் சில, கொல்கத்தாவில் அவரே தொடங்கிய நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேஜை மேல் வைக்கும் அளவுதான், 600 கிலோ எல்லாம் இல்லை.